தம்பிக்கு வாங்கிய முள் பட்டை

என் வலது மணிக்கட்டு உடைந்ததற்குக் காரணம் ஒரு பூனை. சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பின் பின்வரிசை வீடுகளை ஒட்டி நாயை நடத்திக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். கை நழுவிவிடக் கூடாதே என்று வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்தேன். நிறுத்தி வைத்திருந்த வேனுக்கு அடியிலிருந்து பூனை ஓடியது. நாய் பாய்ந்தது. நான்கைந்து அடி அதன் பின்னால் ஓடி, லோங்காங் சாக்கடை விளிம்பில் கையை ஊன்றி விழுந்தேன். எலும்பு முறிந்த சத்தம் என் காதுக்கே கேட்டது. பூனை மதில் ஏறிப் போய்விட்டது. நாய் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதது போல என் முகத்தை நக்கியது.

அந்த நாயைக் கொண்டுவந்தவர் என் கணவர். துறைமுகச் சாலையில் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்க்கிறார். கிடங்கை வேறு இடத்துக்கு மாற்றியபோது மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் லோரியில் ஏறின. தண்ணீர்த் தொட்டிக் கம்பத்தில் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்த நாயை மட்டும் யாரும் ஏற்றவில்லை. பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும், நல்ல கனம். அவர் அதை “தம்பி, தம்பி” என்று கூப்பிட்டே பழகியிருந்தார். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. சாலையில் நான் “தம்பி, இங்க வா” என்று கூப்பிட்டால் மோட்டாரில் போகிற ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவன் பிறந்ததிலிருந்து அந்தக் கம்பத்தைச் சுற்றியே வாழ்ந்தவன். சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அவன் உலகம். வார் போட்டு வெளியே கூட்டிப்போனதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்பது போல இழுப்பான். எனக்கோ சர்க்கரை. தினமும் அரை மணி நேரமாவது நடக்கச் சொல்லி டாக்டர் நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தனியாக நடக்கப் போனால் இரண்டு நாளில் விட்டுவிடுவேன். தம்பி வந்த பிறகு ஒரு நாளும் விட்டதில்லை. ஆறரை ஆனால் கேட்டடியில் உட்கார்ந்து என்னையே பார்ப்பான். அந்தப் பார்வைக்கு யாரால் இல்லை என்று சொல்ல முடியும்?

ஆறு வாரம் மாவுக்கட்டு. நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்கிறேன். காலை கொமுட்டர் ரயிலில் போய், ஐந்து மணிக்குத் திரும்பிவிடுவேன். சேலையை வாடிக்கையாளர் முன் ஒரே வீச்சில் விரித்துக் காட்டுவதற்கு மணிக்கட்டு வேண்டும். கட்டு பிரித்த பிறகும் அந்த வீச்சு வரவில்லை. முதலாளியம்மா என்னை ரவிக்கைத் துணிப் பக்கம் உட்கார வைத்தார். தீபாவளி நெருங்குகிற நேரம். மற்றவர்கள் பட்டுச் சேலைகளை அலை அலையாக விரித்துக்கொண்டிருக்க, நான் கத்திரிக்கோலோடு மூலையில் இருந்தேன். அது எனக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது.

என் கட்டு பிரியும்வரை என் கணவர்தான் தம்பியை நடத்தினார். அவருக்கு மூட்டு வலி. ஒரு நாள் அவன் இழுத்த இழுப்பில் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துத்தான் நின்றாராம். வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார்.

“யாருக்காச்சும் குடுத்துருவோம்மா. கொண்டு வந்தது என் தப்புதான்.”

“யாருக்கு குடுப்பீங்க? இந்த இழுப்பு இழுக்கறவன யாரு வச்சுக்குவா? மறுபடியும் எங்கயாச்சும் சங்கிலியிலதான் போடுவாங்க.”

“அதுக்காக இன்னொரு கையும் ஒடச்சிக்கப் போறியா?”

தம்பி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்து வாலைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான்.

கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் என் கையைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன். தன் மைத்துனர் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானில் ஒரு பாடாங்கில், அதாவது விளையாட்டுத் திடலில், இருப்பார் என்றும் சொன்னார். அந்த ஞாயிறே நாங்கள் போனோம்.

பயிற்சியாளருக்கு நாற்பது வயது இருக்கும். கிடங்குகளுக்கும் பட்டறைகளுக்கும் காவல் நாய்களைப் பழக்குகிறவர். தம்பி என் கணவரை இழுத்துக்கொண்டு வந்த விதத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்தார். இரும்புக் கண்ணிகளைக் கோத்துச் செய்தது. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு முள், எல்லாம் கழுத்தைப் பார்த்து உள்பக்கமாக. வார் இறுகினால் முட்களும் நெருங்கும்.

நான் ஒரு முள்ளை விரலால் தொட்டுப் பார்த்தேன். “அண்ணே, இது குத்தாதா?”

“முனை மழுங்கலா இருக்கும்கா. ரத்தம்லாம் வராது. தாய் நாய் குட்டிய கவ்வுதுல்ல, அந்த மாதிரி லா. நீங்களே போட்டுப் பாருங்க.”

என் இடது முன்கையில் சுற்றி, வாரை மெல்ல இழுத்தார். தோல் கிழியவில்லை. ஆனால் கழற்றிய பிறகு சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக இருந்தன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறைந்தன. தம்பிக்கு ரோமம் இருக்கிறது, அவனுக்கு இவ்வளவு தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் காதுக்குப் பின்னால், கழுத்தின் மேல்பகுதியில் பட்டையை மாட்டினார். நடந்தார். தம்பி இழுத்தான். ஒரு சின்னச் சுண்டு, உடனே தளர்த்தல். இன்னொரு முறை இழுத்தான். இன்னொரு சுண்டு. மூன்றாவது முறை அவன் இழுக்கவே இல்லை. அவர் முழங்காலை ஒட்டிப் பூனைக்குட்டி மாதிரி நடந்துவந்தான். என் கணவர் வாயைப் பிளந்து பார்த்தார்.

“ஆறு வாரம் நான் பட்ட பாடு, மூணு நிமிஷத்துல முடிஞ்சி போச்சே!”

அந்த முதல் இரண்டு வாரம் எனக்குச் சுகமாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை. வலக்கையில் பலமில்லாததால் இடக்கையில் வாரைப் பிடித்து நடந்தேன். தம்பி பக்கத்திலேயே வந்தான். எந்த வீட்டில் புதிதாகக் காகிதப்பூ வைத்திருக்கிறார்கள், எந்த வீட்டுக் கேட்டுக்குச் சாயம் அடித்திருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்க நேரம் கிடைத்தது. அதற்கு முன் தரையையும் பூனைகளையும் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி ஒரு மலாய்க்காரர் இருக்கிறார். அறுபது தாண்டிய, மெலிந்த மனிதர். மாமா என்பது போல நான் அவரைப் பாக்சிக் என்று கூப்பிடுவேன். மாலைத் தொழுகைக்குத் தினமும் சூரா என்கிற சின்னப் பள்ளிவாசலுக்கு நடந்து போவார். நாங்கள் நடக்கக் கிளம்புகிற நேரமும் அதுதான். நாய் மேலே பட்டால் தொழுகைக்கு முன் முறைப்படி கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதால் சாலையின் மறுபக்கம் போய்விடுவார். ஆனால் போகும்போது தம்பியைப் பார்த்து நாக்கால் ஒரு சத்தம் கொடுப்பார். அவருக்கு என்ன தோன்றுமோ தெரியாது, தம்பிக்கு அந்தச் சத்தம் உயிர். வால் சுழல, அவரிடம் போக வேண்டும் என்று முன்காலைத் தூக்கி இழுப்பான்.

முள் பட்டை போட்ட பிறகும் இழுத்தான். நான் சுண்டினேன். கீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றான். மறுநாளும் அவர் வந்தார், இவன் இழுத்தான், நான் சுண்டினேன். பயிற்சியாளர் சுண்டும்போது சட்டென்று தளர்ந்துவிடும். எனக்கு அது வரவில்லை. மறுபடி விழுந்துவிடுவேனோ என்ற பயம் என் இடக்கையில் இருந்தது. இறுக்கிப் பிடித்தபடியே நின்றேன். முட்களும் இறுகியபடியே நின்றன.

மூன்றாவது வாரம் பாக்சிக் வருவதைத் தூரத்தில் பார்த்ததும் தம்பியின் வால் தாழ்ந்தது. நான் அதைக் கவனித்தேன். சரி, அடங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த சில நாளில் தொண்டைக்குள் ஒரு உறுமல் கேட்டது. பாக்சிக் நாக்குச் சத்தம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அது நடந்தது. அவர் எதிரே வந்தார். வழக்கம்போல மறுபக்கம் போனார். தம்பி உறுமிக்கொண்டே பாய்ந்தான். நான் இழுத்துப் பிடித்தேன். எங்கோ ஒரு கண்ணி சரியாக மாட்டப்படாமல் இருந்திருக்கிறது. பட்டை விட்டுக்கொண்டது. வார் நுனியில் வெறும் பட்டை தொங்க நான் நின்றேன். தம்பி சாலையைத் தாண்டி அவருக்கு மூன்றடி முன்னால் நின்று பல்லைக் காட்டிக் குரைத்தான். அப்படி ஒரு குரலை அவனிடம் நான் கேட்டதே இல்லை.

பாக்சிக் ஓடவில்லை. சாரோங்கைக் கையில் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். உதடுகள் மட்டும் அசைந்தன. ஓடிப் போய்ப் பிடிக்கப் போனால் பாய்ந்துவிடுவானோ என்று தோன்றியது. என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டேன்.

“தம்பி,” என்றேன். “தம்பி, அம்மாட்ட வா. வாப்பா.”

அவன் திரும்பிப் பார்த்தான். நான் தரையில் இருப்பது அவனுக்குப் புரியாத விஷயம். அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு வாலைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். உடல் முழுக்க நடுக்கம் அவனுக்கு.

நானும் பாக்சிக்கும் பேசுவது மலாயில்தான். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டேன். அவர் மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு, அந்தப் பக்கத்திலிருந்தே பேசினார்.

“கடிக்கல, விடுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். முன்னாடி இவனுக்கு என்னைப் பிடிக்கும். தினமும் வாலாட்டுவான். இப்ப ஏன் இவ்வளவு கோவம்? நான் இவனுக்கு ஒண்ணும் பண்ணலையே?”

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடாமல் செய்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வருவதற்குள்ளேயே பதில் தெரிந்துவிட்டது. அவர் ஒன்றும் செய்யவில்லை. அவரைப் பார்த்த ஒவ்வொரு தடவையும் இவனுக்குக் கழுத்தில் வலித்தது. வார் என் கையில் இருப்பது அவனுக்கு எங்கே தெரியும்? அந்த ஆள் வந்தால் வலிக்கும் என்பதுதான் அவனுக்குத் தெரிந்தது. சிநேகமாகப் போனவனை மூன்று வாரத்தில் நான்தான் இப்படி ஆக்கியிருந்தேன்.

சனிக்கிழமை மிருக மருத்துவரிடம் கூட்டிப்போனேன். முப்பது வயதுப் பெண். ரோமத்தை விலக்கி அவன் கழுத்தைக் காட்டினார். காயம் இல்லை. சில இடங்களில் தோல் சிவந்திருந்தது.

“ஆன்டி, இவன் கெட்ட நாய் இல்ல. இழுத்தா போற எடத்துக்குப் போலாம்னு நெனைக்கறான். அவ்ளோதான். இழுத்தா நகர முடியாது, லூஸா வந்தா போலாம்னு சொல்லிக் குடுங்க. டைம் எடுக்கும்.”

“எவ்ளோ நாளாகும்மா?”

“தெரியாது ஆன்டி. மாசக்கணக்கா ஆகலாம். ஆனா ஆகும்.”

நெஞ்சுப் பட்டை ஒன்று கொடுத்தார். உடம்பைச் சுற்றி மாட்டுவது. நெஞ்சுக்கு முன்னால் ஒரு வளையம். அதில் வாரை மாட்டினால், இழுக்கிற நாய் தானாகப் பக்கவாட்டில் திரும்பிவிடும். என் கைக்குப் பாரம் குறைவு. அதோடு கோழி ஈரலை அவித்துச் சின்னத் துண்டாக வெட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார். அவன் என் பக்கத்தில் வரும்போதெல்லாம் ஒரு துண்டு. பயப்படுகிற ஆளைத் தூரத்தில் பார்த்தால், உறுமுவதற்கு முன்னாலேயே ஒரு துண்டு.

பயிற்சியாளருக்கு போன் செய்து முள் பட்டையை நிறுத்திவிட்டதாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “உங்க இஷ்டம்கா. நான் எத்தனையோ நாய்க்குப் போட்டிருக்கேன், ஒண்ணும் ஆனதில்ல. கையிலதான் இருக்கு லா” என்றார். அவர் சொன்னது அவர் கைக்கு உண்மையாகவே இருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு நாய்தான். என் கை எப்படிப்பட்டது என்பதும் எனக்குத் தெரியும்.

முதல் நாள் எங்கள் கேட்டிலிருந்து மூன்றாவது வீட்டுக்குப் போக இருபது நிமிடம் ஆனது. இழுத்தால் நின்றுவிட வேண்டும். வார் தளர்ந்தால் நடக்க வேண்டும். இரண்டடி போவோம், நிற்போம். ஓரடி போவோம், நிற்போம். எதிர்வீட்டு அக்கா காய்ந்த துணியை எடுக்க வந்தவர், எல்லாவற்றையும் எடுத்து முடித்தபோதும் நாங்கள் அதே இடத்தில் நின்றோம்.

“என்னாடி, எதையாச்சும் தொலச்சிட்டியா? ரொம்ப நேரமா ஒரே எடத்துல நிக்கற?”

“நடக்கப் பழகறோம்கா.”

“ரெண்டு பேருமா?”

ஒரு வாரம் முழுக்க என் கணவர் கேலி செய்தார். இரண்டாவது வாரம் அவரே ஈரலை வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். ரவிக்கைத் துணியில் மிஞ்சிய துண்டில் இடுப்பில் கட்டுகிற மாதிரி ஒரு பை தைத்துக்கொண்டேன். மருதாணிச் சிவப்பில் ஜரிகைக் கரை போட்ட ஈரல் பை, அநேகமாகக் கிள்ளானில் என்னிடம் மட்டும்தான் இருந்திருக்கும்.

பாக்சிக் விஷயம்தான் பெரிய வேலை. நாயில்லாமல், கைகால் கழுவிவிட்டு அவர் வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்தப் பட்டையைப் பற்றியும் சொன்னேன்.

“நான் என்ன செய்யணும்?” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. வேறு வழியாகச் சூராவுக்குப் போயிருக்கலாம். தாமான் கூட்டத்தில் புகார் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து அவர் சூராவுக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் தன் வீட்டுக் கேட்டுக்கு உள்ளே நிற்பார். நானும் தம்பியும் ஆறு வீடு தள்ளி நிற்போம். அவர் வெறுமனே நிற்பார், தம்பியைப் பார்க்க மாட்டார். தம்பி அவரைப் பார்த்த கணமே ஈரல். பார்த்தால் ஈரல். அவர் உள்ளே போனதும் ஈரல் நின்றுவிடும். நாலைந்து நாள் அமைதியாகப் போனால் ஒரு வீடு முன்னால் நகர்வோம். ஒரு முறை மழைக் குடையை அவர் படீரென்று விரித்ததில் தம்பி மிரண்டு குரைத்துவிட்டான். மறுபடி ஆறாவது வீட்டுக்கே போனோம். அவர் கேட்டுக்குள்ளிருந்து கைகூப்புவது போல இரண்டு கையையும் தூக்கி, “என் தப்பு, என் தப்பு” என்றார். நானும் அவரும் சிரித்தோம்.

இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஒரு மாலை நாங்கள் அவர் வீட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றோம். அவர் கேட்டைத் திறந்து வெளியே வந்தார். தம்பி அவரைப் பார்த்தான். பிறகு தானாகவே தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தான், ஈரல் எங்கே என்று. வார் என் கைக்கும் அவன் நெஞ்சுக்கும் நடுவில் தளர்ந்து கிடந்தது. பாக்சிக் தயங்கித் தயங்கி, இத்தனை நாளாகக் கொடுக்காத அந்த நாக்குச் சத்தத்தைக் கொடுத்தார். தம்பியின் வால் மெல்ல ஒரு பக்கம் போனது, இன்னொரு பக்கம் வந்தது.

“பாருங்க, பாருங்க,” என்றார் அவர், சின்னப் பிள்ளை மாதிரி.

அதன் பிறகு அவர் சாலையின் அந்தப் பக்கமும் நாங்கள் இந்தப் பக்கமுமாக ஒரே நேரத்தில் நடக்க ஆரம்பித்தோம். சாலை முனையில் அவர் சூராவுக்குத் திரும்புவார், நாங்கள் பாடாங்குக்குத் திரும்புவோம். நடக்கும்போது நடுச்சாலையைத் தாண்டிச் சத்தமாகப் பேசிக்கொள்வோம். மீன் விலை, மழை, அவர் மகன் ஜோகூருக்கு மாற்றலாகிப் போனது, என் சர்க்கரை. தம்பி இன்னும் பூனையைப் பார்த்தால் இழுக்கத்தான் செய்கிறான். ஆனால் இழுத்த வேகத்தில் பக்கவாட்டில் திரும்பி, என்னைப் பார்த்து நின்றுவிடுகிறான். நானும் நின்றுவிடுகிறேன்.

போன பள்ளி விடுமுறைக்கு முந்தின வாரம் பாக்சிக் அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். ஜோகூரிலிருந்து பேத்தி வரப்போகிறாளாம், புது சைக்கிளோடு. “இவன் சைக்கிளைக் கிட்டத்துல பார்த்திருக்கானா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப நாளைக்கே என் பழைய சைக்கிள வெளிய எடுத்து வைக்கறேன். நீங்க ஆறாவது வீட்லேர்ந்து ஆரம்பிங்க” என்றார்.

மறுநாள் மாலை சொன்னபடியே சைக்கிள் கேட்டுக்கு வெளியே நின்றது. அவர் அதன் பக்கத்தில் நின்று மணியை மட்டும் ஒரு முறை, மிக மெதுவாக அடித்தார். தம்பி காதைத் தூக்கினான். நான் பைக்குள் கையை விட்டேன்.